என் இரத்தத்தில் இல்லாத நொதி

எனக்கு முதலில் திரும்பி வந்தது காதுதான். “பென்னாகரம், பென்னாகரம், ஏறுங்க ஏறுங்க” என்று ஒரு கண்டக்டர் கத்துவது கேட்டது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தெருவில்தான் அந்த நர்சிங் ஹோம். சரி, ஆபரேஷன் முடிந்துவிட்டது, பிழைத்துக்கொண்டோம், என்ன குழந்தை என்று கேட்போம் என்று வாயைத் திறந்தேன். வாய் திறக்கவில்லை.

கண்ணைத் திறக்கப் பார்த்தேன். இமை அசையவில்லை. கையை அசைக்கப் பார்த்தேன், காலை, கடைசியில் ஒரு சுண்டுவிரலையாவது. ஒன்றும் என் பேச்சைக் கேட்கவில்லை. பயந்தால் மூச்சு வாங்கும் இல்லையா? எனக்கு மூச்சு வாங்கக்கூட முடியவில்லை. தொண்டைக்குள் ஒரு குழாய் இருந்தது. அதன் வழியாக யாரோ காற்றை உள்ளே தள்ளினார்கள். நெஞ்சு எழும்பியது, தானாக இறங்கியது. அடுத்த காற்று வரும்வரை நான் காத்துக் கிடந்தேன். அது வருமா வராதா என்பது வேறு யார் கையிலோ இருந்தது.

அதற்கு முன்னாலும் எத்தனையோ முறை பயந்திருக்கிறேன். பாம்புக்குப் பயந்திருக்கிறேன், மாமியாருக்குப் பயந்திருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரும் அதிகாரிக்குப் பயந்திருக்கிறேன். அதெல்லாம் பயத்தில் சேர்த்தியே இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. கத்த முடிந்தால், ஓட முடிந்தால், யாருடைய கையையாவது பிடித்துக்கொள்ள முடிந்தால் பயம் பாதி வெளியே போய்விடும். எனக்கு அது முழுசாக உள்ளேயே கிடந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்போது இண்டூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அப்பா பொம்மிடிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்த்தார். அம்மா நான் ட்ரெயினிங் படிக்கும்போதே போய்ச்சேர்ந்துவிட்டாள். என்னைக் கட்டியவர் அத்தை மகன், அதாவது அப்பாவின் அக்கா மகன். அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்.

என் அம்மாவும் அப்பாவுக்கு மாமன் மகள்தான். நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். இப்படி நெருங்கின சொந்தத்தில் கட்ட வேண்டுமென்றால் பங்குச் சாமியார் மூலம் மேலிடத்து அனுமதி வாங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ரேஷன் கார்டு புதுப்பிக்கிற மாதிரி தலைமுறை தலைமுறையாக அந்த அனுமதியை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நிலம் வெளியே போகக்கூடாது, நகை வெளியே போகக்கூடாது, பெண்ணும் வெளியே போகக்கூடாது. எதுவுமே வெளியே போகாவிட்டால் போக வேண்டியதும் உள்ளேயே தங்கிவிடுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அறிவியல் டீச்சரான எனக்கும்தான் தோன்றவில்லை.

குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும் என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டார். மயக்க டாக்டர் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒல்லியான மனிதர், பேச்சிலும் சிக்கனம். ஆபரேஷனுக்கு முன்னால் என்னையும் அப்பாவையும் அத்தையையும் வைத்துக்கொண்டு சில கேள்விகள் கேட்டார். காமாலை வந்திருக்கிறதா, ஆஸ்துமா இருக்கிறதா, இப்படி. கடைசியாகக் கேட்டார்:

“உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து குடுத்து ஏதாவது சிரமம் ஆகியிருக்குதா?”

அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். “எங்க வம்சத்துல யாருக்கும் ஒரு கொறையும் இல்லீங்க டாக்டரு. எல்லாம் கல்லு மாதிரிங்க.”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யார் முன்னாலும் தரையைத்தான் பார்ப்பார் என்பதால் நான் அதை ஒன்றாகவே நினைக்கவில்லை. டாக்டரும் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு என் கையில் ஊசி ஏறியது, மருந்தின் கசப்பு நாக்குக்கு வந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இப்போது அதே டாக்டரின் குரல் என் தலைமாட்டில் கேட்டது. காற்றுப்பையை அழுத்திக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“மயக்க கேஸ நிறுத்தி ரொம்ப நேரமாச்சே” என்றார் லேடி டாக்டர். “இன்னும் அவங்களா மூச்சு எடுக்கலையே?”

“பல்ஸ் நல்லாத்தான் இருக்குது. பி.பி.யும் இருக்குது.”

“அப்புறம் ஏன் எடுக்கல?”

“தெரியல” என்றார் மயக்க டாக்டர்.

டாக்டர்கள் பொய் சொல்லலாம் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். “தெரியல” என்பதை மட்டும் நோயாளியின் தலைமாட்டில் நின்று சொல்லக்கூடாது. நான் உள்ளுக்குள் கத்தினேன். முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்கிறது, எல்லாம் கேட்கிறது, தையல் போட்ட இடம் தீயாக எரிகிறது என்று கத்தினேன். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பிறகு நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரியாமல் தூங்குகிற முகமாக இருந்திருக்கும்.

பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுதது. என் குழந்தை என்று உடனே தெரிந்தது. அன்றைக்கு அங்கே வேறு குழந்தை இருந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது, ஆனாலும் தெரிந்தது. அதைப் பார்க்காமலே போய்விடப் போகிறேன் என்று நினைத்தபோது வந்த துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே தெரியவில்லை. அழுவதற்கும் உடம்பு வேண்டுமே.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் பையை ஒரு நர்ஸ் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். கை மாறியதை என் நெஞ்சு கண்டுபிடித்துவிட்டது. டாக்டருடைய அழுத்தம் ஒரே சீராக இருந்தது. அந்தப் பெண் வாசலில் நின்ற ஆயாவுடன் ஏதோ சீட்டுக் கம்பெனி சமாசாரம் பேசிக்கொண்டே அழுத்தினாள். பேச்சு சுவாரசியமாகும்போதெல்லாம் என் காற்று தாமதமாகும். அடியே, சீட்டு எங்கேயும் போகாது, பையை அழுத்து என்று நான் மன்றாடினேன். அவள் சிரித்தாள், பிறகு அழுத்தினாள்.

அறைக்கு வெளியே மயக்க டாக்டர் அப்பாவையும் அத்தையையும் விசாரிப்பது கேட்டது. கதவு திறந்துதான் இருந்திருக்க வேண்டும்.

“தோட்டத்துல பூச்சி மருந்து ஏதாவது அடிச்சீங்களா? அந்தப் பக்கம் இவங்க போனாங்களா? சில பூச்சி மருந்து உடம்புல ஏறுனாலும் இப்பிடி ஆகும்.”

“இல்லீங்க. அவ இண்டூர்லதான் இருந்தா. மாசமா இருக்கறவள தோட்டத்துப் பக்கம் விடுவோமுங்களா?” இது அப்பா.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பெரியவரே. உங்க சொந்தத்துல யாராவது மயக்கம் குடுத்து எழுந்திரிக்காம போனாங்களா? சின்ன ஆபரேஷனா இருந்தாலும் பரவாயில்ல.”

அத்தைதான் மறுபடியும் பதில் சொன்னாள். “அப்பிடியெல்லாம் யாரும் இல்லீங்க.”

நான் நம்பினேன். எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை என்றுதான் எனக்கும் தெரியும்.

பிறகு லேடி டாக்டர் பேசினார். இங்கே வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, சேலத்துக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோய்விடலாம், கார் பிடித்தால் வழியெல்லாம் பையை அழுத்திக்கொண்டே போக வேண்டும், வழியில் ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை என்றார். அவர் நல்லவர்தான், பயந்துபோயிருந்தார். அத்தை காதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் விழுந்திருக்க வேண்டும்.

அவர்களை உள்ளே விட்டார்கள். அத்தையின் வெற்றிலை வாசனை என் பக்கத்தில் வந்து நின்றது. அவள் தாழ்ந்த குரலில் அப்பாவிடம் சொன்னாள்:

“தம்பி, சொல்றதக் கேளுடா. ஊர் ஊரா தூக்கிக்கிட்டு அலைய வாணாம். உசுரு இருக்கறப்பவே வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிடலாம். நம்ம வூட்டுல வச்சி, நம்ம சனம் சுத்தி ஒக்காந்து செபம் சொல்ல, போவட்டும். பச்சப்புள்ளய நான் பாத்துக்கறேன். பொட்டப்புள்ளயா வேற போயிடுச்சி.”

எனக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

இதை அத்தையின் கொடுமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் பக்கத்தில் யாரும் ஆஸ்பத்திரியில் சாக விரும்புவதில்லை. டாக்டர் கையை விரித்தால் மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். குழாயை எடுத்துவிட்டு, ஒரு வாடகைக் காரில் மடியில் போட்டுக்கொண்டு போவார்கள். அது பாசம்தான். அந்தப் பாசம் என்னை இன்னும் சில நிமிஷத்தில் கொன்றுவிடும் என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் முடிந்திருப்பேன். முடிகிற வரைக்கும் முழுசாகத் தெரிந்துகொண்டே முடிந்திருப்பேன்.

வேண்டாம் என்று சொல்லுங்கள் அப்பா, ஒரே ஒரு தடவை உங்கள் அக்காவை எதிர்த்துப் பேசுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

“சாமியாரு வந்துடட்டும்” என்றார் கடைசியில். அத்தை ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தாள்.

சாமியார் வந்தார். செருப்பைக் கழற்றுவது கேட்டது. அங்கியின் மடிப்பு என் கையில் உரசியது. எங்கள் வீடுகளில் அவஸ்தை பூசுவது, அதாவது சாகக் கிடப்பவருக்கு மந்திரித்த எண்ணெய் பூசுவது என்றால் சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள். நோயாளிக்கு ஆறுதல் தரத்தான் பூசுகிறோம் என்று சாமியார்கள் எத்தனை பிரசங்கம் வைத்தாலும், பூசிவிட்டார்கள் என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான். அவர் மெல்லிய குரலில் செபத்தை ஆரம்பித்தார். என் நெற்றியில் எண்ணெய் பட்டது. ஒரு விரல் அதைச் சிலுவையாக இழுத்தது. பிறகு என் வலது கையை எடுத்து விரித்து உள்ளங்கையில் பூசினார். அந்தக் கை என்னுடையது, அவர் விரலின் சூடுகூடத் தெரிந்தது, மடக்கிப் பிடித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்த புனிதர் அத்தனை பேரையும் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. நான் பாடம் நடத்திய குழந்தைகளின் முகங்கள்தான் ஒவ்வொன்றாக வந்தன.

இடது கையை எடுக்கும்போது அப்பா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

“நிறுத்துங்க சாமி! பூசாதீங்க! பெரியவளுக்கும் இப்பிடித்தான் பூசுனாங்க!”

“டேய், வாய மூடுடா” என்றாள் அத்தை.

“மூடமாட்டேன்க்கா. இத்தன வருசம் மூடிக்கிட்டு இருந்தாச்சி. சாமி, எனக்கு மூத்த மவ ஒருத்தி இருந்தா. தொண்டையில சதைன்னு ஆபரேசனுக்கு வெளியூரு கூட்டிக்கிட்டுப் போனோம். ஒம்பது வயசுப் புள்ள. நடந்து போச்சி சாமி, கைய வீசிக்கிட்டு நடந்து போச்சி. மயக்கம் குடுத்தாங்க. எந்திரிக்கல. இதே மாதிரி ஒரு பையத்தான் வச்சி அழுத்திக்கிட்டு இருந்தாங்க. சாயங்காலமா வந்து, இனிமே பிரயோசனம் இல்ல, அழுத்தட்டுமா விட்டுடட்டுமான்னு என்னக் கேட்டாங்க. நாந்தான் போதும்னு சொன்னேன் சாமி. நாந்தான் சொன்னேன்.”

எனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள், மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததாம். அவளைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது. கல்யாணம், பூப்பு, பிள்ளைப்பேறு என்று நல்லது நடக்கிற நேரத்தில் நினைக்கவும் கூடாது. நல்ல காரியத்தில் அகாலமாகப் போனவர்களின் பேச்சை எடுத்தால் அது தொற்றிக்கொள்ளும் என்று எங்கள் வீட்டில் உறுதியாக நம்பினார்கள். ஆபரேஷனில் செத்தாள் என்று வெளியே தெரிந்தால் அந்த வீட்டு இரத்தத்தில் ஏதோ கோளாறு என்பார்கள், மிச்சமிருக்கிற பெண்ணைக் கட்ட யோசிப்பார்கள் என்ற கணக்கும் இருந்தது. அத்தை மகன்தான் கட்டப்போகிறான் என்று நான் தொட்டிலில் கிடக்கும்போதே முடிவான பிறகும் அந்தக் கணக்கை யாரும் விடவில்லை. டாக்டர் இரண்டு முறை கேட்டும் அத்தை இல்லை என்று சொன்னது அதனால்தான். அவள் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தாள்.

ஓடி வந்தது மயக்க டாக்டரின் காலடி என்று எனக்குத் தெரிந்தது.

“என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க பெரியவரே.”

அப்பா மறுபடி சொன்னார். “காலைல கேட்டனே” என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார், திட்டவில்லை. “சேலமும் வேணாம், பெங்களூரும் வேணாம். வீட்டுக்கும் போக வேணாம். யாரும் பையை விடக்கூடாது. இவங்க எழுந்திரிப்பாங்க.”

நர்ஸை நகர்த்திவிட்டு அவரே பையை வாங்கினார். மற்றவர்களை வெளியே அனுப்பினார். சீரான காற்று திரும்பி வந்தது. பிறகு அவர் செய்த காரியத்துக்காக அவருக்கு இன்றும் நான் செபம் சொல்கிறேன். குனிந்து என் காதுக்குப் பக்கத்தில் பேசினார்.

“அம்மா, நீங்க முழிச்சிருக்கீங்களான்னு எனக்குத் தெரியாது. முழிச்சிருந்தா கேளுங்க. உங்க தசையெல்லாம் அசையாம இருக்க ஒரு ஊசி போட்டேன். தொண்டையில குழாய் விடறதுக்காக. மத்தவங்களுக்கு அது சில நிமிஷத்துல போயிடும். ஏன் போகுதுன்னா ரத்தத்துல ஒரு என்சைம் இருக்குது. மருந்து வர வர அதைப் புடிச்சு ரெண்டா உடைச்சுப் போட்டுக்கிட்டே இருக்கும். உங்க ரத்தத்துல அந்த என்சைம் சரியா அமையல, பொறப்புலயே. உங்க அக்காவுக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும். அதனால மருந்து போகாம சுத்திக்கிட்டு இருக்குது. ஆனா போகும். மெதுவாப் போகும். அது போறவரைக்கும் உங்களுக்காக நாங்க மூச்சு விடறோம். பயப்படாதீங்க.”

என்சைம். பாடப்புத்தகத்தில் நொதி. ‘நொதிகள் உயிரினங்களில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்துகின்றன’ என்று ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்து, விழுங்காமல் மென்றுகொண்டே இருங்கள், இனிப்புத் தெரிகிறதா, எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் இனிக்குது டீச்சர் என்பார்கள். அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். விரைவுபடுத்துகின்றன என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அந்த மேஜையில் கிடந்துதான் நான் படித்தேன்.

டாக்டர் பேசிக்கொண்டே இருந்தார். எனக்காகவா தனக்காகவா என்று சொல்ல முடியாது. “காலைல நான் தொப்பூர் மலை ரோட்டுலதான் வந்தேன். ரோடு இல்லாட்டியும் சேலத்துலருந்து தருமபுரிக்கு ஆளு வந்து சேரலாம். மலையேறி, காட்டுல புகுந்து, முள்ளுல கிழிபட்டு வரலாம். எப்ப வந்து சேருவான்? என்சைம் அந்த ரோடு மாதிரி. ஏத்தத்தைக் கொறைச்சுடுது. எத்தன வண்டி போனாலும் ரோடு அங்கேயேதான் இருக்குது. உங்களுக்கு ரோடு இல்ல. உங்க மருந்து காட்டு வழியாப் போய்க்கிட்டு இருக்குது. வந்து சேரும்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேலை நொதி இல்லாமலும் நடக்கும். ஆனால் உயிரோடு இருப்பவர்களால் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாது. சாப்பிட்டது செரிக்க, புண் ஆற, ஒரு மூச்சு அடுத்த மூச்சாக, நமக்கு எல்லாம் உடனே நடந்தாக வேண்டும். உடம்புக்குள் நம்மைக் கேட்காமல் எத்தனையோ நொதிகள் ஓடி ஓடி வேலையை முடிப்பதால்தான் நாம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் ஒன்றே ஒன்று சரியில்லை, நான் இங்கே கிடக்கிறேன்.

புரிந்ததால் பயம் போனது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அதற்கு முன்னால் சாவுக்குப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது மனிதக் கைகளுக்குப் பயந்தேன். கை வலித்தால்? கரண்ட் போய், எல்லோரும் வெளியே ஓடினால்? அத்தை மறுபடி வந்து ஏதாவது சொல்லி, அப்பா மறுபடி தரையைப் பார்த்தால்? மருந்து எப்போது போய்ச்சேரும் என்று டாக்டருக்கே தெரியாது. வலிக்கு என்று ஒரு ஊசி போட்டார். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது, காது அடங்கவில்லை.

டாக்டருக்குக் கை ஓய்ந்தபோது அவர் நர்ஸைக் கூப்பிடவில்லை. அப்பாவைக் கூப்பிட்டார். இப்படிப் பிடிங்க, இப்படி அழுத்துங்க, நெஞ்சு எழும்புதா பாருங்க, விட்டுட்டு மறுபடி அழுத்துங்க என்று சொல்லிக் கொடுத்தார். அப்பா பையை வாங்கினார். முதல் காற்று பலமாக வந்து நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது. இரண்டாவது குறைவாக வந்தது. பிறகு மாட்டுக்குப் பால் கறக்கிற கை பழகிவிட்டது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் “இன்னொண்ணு” என்று வாய்க்குள் சொன்னார். இன்னொண்ணு, இன்னொண்ணு. வெளியே பஸ்கள் வந்தன, போயின. என் குழந்தை அழுதது, ஓய்ந்தது. டாக்டர் நடுவில் வாங்கிக்கொள்கிறேன் என்றபோது அப்பா தரவில்லை.

“குடுங்க பெரியவரே, கை நடுங்குது பாருங்க.”

“நடுங்குனா நடுங்கட்டுமுங்க” என்றார் அப்பா.

மத்தியான வெயில் தாழ்ந்திருக்க வேண்டும். சுவர்ப்பக்கம் இருந்த என் கன்னத்தில் சூடு குறைந்தது. அந்த நேரத்தில், அப்பாவின் இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே, விக்கல் மாதிரி என் நெஞ்சு தானாக ஒரு துளி காற்றை இழுத்தது. நான் இழுத்தேன் என்று சொல்ல முடியாது. உடம்பு இழுத்தது. அப்பா பயந்து டாக்டர் டாக்டர் என்று கூவினார். டாக்டர் வந்து பார்த்து, “அழுத்துங்க, விடாதீங்க, வருது” என்றார். அடுத்தது வந்தது. புருவம் அசைந்தது. ஒரு விரல். கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது அப்பாவின் முகவாய்க்கட்டை. ஷேவ் செய்யாத நரைமுடியில் வேர்வை நின்றிருந்தது. குழாயை எடுத்ததும் வாந்தியெடுத்தேன். அத்தை வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிற மாதிரி அழுதாள், பிறகு என் குழந்தையைக் கொண்டுவந்து காட்டி, “ராசாத்தி மாதிரி இருக்கறா பாரு” என்றாள்.

மறுநாள் டாக்டர் தனியாக வந்து கேட்டார். “நேத்து நான் பேசினது கேட்டுதா?”

தலையாட்டினேன். குரல் இன்னும் சரியாக வரவில்லை.

“எவ்வளவு கேட்டுது?”

“எல்லாமுங்க” என்றேன்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இனி எந்த ஆபரேஷன் என்றாலும் இதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்றார். வேறு மருந்துகள் இருக்கின்றன, பயமில்லை என்றார். கூடவே, இந்தக் குழந்தைக்கும் அதே குறை இருக்கலாம், உங்கள் வீட்டுக்காரரும் அதே இரத்தம்தானே என்றும் சொல்லிவிட்டுப் போனார். பிற்பாடு அவள் இரத்தத்தையும் சோதித்துப் பார்த்தோம், அவளுக்கு அந்த நொதி ஓரளவு இருக்கிறது. அதுவரைக்கும் அவள் மரத்தில் ஏறினால், மாடிப்படியில் ஓடினால், பல் ஆடுகிறது என்றால் உடனே அவளைப் பிடித்து மடியில் உட்கார்த்திக்கொள்வேன். ஆபரேஷன் தேவைப்படாமல் ஒரு பெண்ணை வளர்க்க வேண்டும் என்று எந்தத் தாயும் அப்படிப் பயந்திருக்க மாட்டாள்.

தையல் பிரிப்பதற்கு முன்னால் ஒரு காலை, அத்தை குழந்தையை இளவெயில் காட்ட வெளியே எடுத்துப் போயிருந்தாள். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு அதுவரை நாங்கள் இரண்டு பேரும் மூத்தவளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

எனக்கு உள்ளே கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் இரண்டு முறை கேட்டபோது ஏன் சொல்லவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று அத்தை சொன்னபோது ஏன் வாயடைத்து நின்றீர்கள், பொட்டப்பிள்ளையாகப் போய்விட்டது என்றாளே, அதற்கும் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கேட்க எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். குரல் நன்றாகத் திரும்பட்டும் என்று காத்திருந்தேன். அன்று காலை திரும்பியிருந்தது.

“ஏம்மா” என்றார் அப்பா. “அன்னைக்கி, அப்பிடிக் கெடந்தப்ப, உனக்கு எதுனா கேட்டுச்சா? நாங்க பேசுனது கீசுனது?”

சொல்லிவிட வேண்டியதுதான் என்று நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பற்றிக் கேட்கவில்லை என்று அப்போது எனக்கு உறைத்தது.

“ஒண்ணும் கேக்கலீங்கப்பா” என்றேன். “நல்லாத் தூங்கிட்டேன்.”

“ஒண்ணுமேவா?”

“ஒண்ணுமே இல்லீங்க. நீங்க கையில பையோட நின்னதத்தான் மொதல்ல பாத்தேன்.”

அவர் நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

“அப்ப அவளுக்கும் கேட்டிருக்காது” என்றார்.

“கேட்டிருக்காதுங்கப்பா. அவளும் தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருப்பா.”

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சாமியார் எண்ணெய் பூசிய அதே கையால் அவர் முதுகைத் தடவினேன். அவர் சாகிற வரைக்கும் அந்தப் பதிலை நான் மாற்றிச் சொல்லவில்லை. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.